அண்ணன் தம்பி இல்லாத பெண் கனுப்பிடி வைக்கலாமா?

கேட்ட பெண் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வரும் முதல் பொங்கல். மாட்டுப் பொங்கலன்று காலையில் கனுப்பிடி, அதாவது மஞ்சள் இலையில் பறவைகளுக்காகச் சின்னச் சின்னச் சோற்றுப் பிடிகள், வைக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். பிறந்த வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. கூடப் பிறந்தது ஒரு தங்கை மட்டும். "அண்ணன் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று வைப்பதாம், நான் யாருக்காக வைப்பது? வடக்கே ராக்கி கட்டுகிற மாதிரிதானா இதுவும்? எட்டாவது மாடியில் இருக்கிறோம், காக்காய் வருமா என்பதே சந்தேகம்" என்று கேட்டிருக்கிறார். செய்முறையும் கேட்டிருக்கிறார்தான். ஆனால் எழுத்தில் தெரிகிற தயக்கம் வேறு. அண்ணன் தம்பி இல்லாத நான் அந்த இலைக்கு முன்னால் போய் நின்றால் அது பொய்யாகிவிடாதா என்பதுதான் அது. ஆகாது. நீங்கள் தாராளமாக வைக்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்தில் பிறந்தேன். 8 வயதில் முதல் கனு வைத்தேன். இதுவரை 56 தை ஆகிவிட்டது. அம்மா, அத்தை, மாமியார், ஓரகத்தி என்று நாலு பேர் வீட்டு முறையையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். தீட்டுக் கணக்கு, மந்திரம் இதெல்லாம் என் படிப்பு இல்லை. அந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் உங்கள் வீட்டுப் புரோகிதரைக் கேளுங்கள்.

முதலில் "அண்ணன் தம்பி இல்லை" என்கிறீர்களே, அதையே பார்ப்போம். உங்கள் சித்தப்பாவுக்குப் பையன் உண்டா? பெரியம்மாவுக்கு? இருந்தால் அவனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? பெரியவன் என்றால் அண்ணா, சின்னவன் என்றால் தம்பி. தமிழில் அவனுக்கு வேறு பெயரே கிடையாது. அப்பாவோடு பிறந்த ஆண்களின் பிள்ளைகளும், அம்மாவோடு பிறந்த பெண்களின் பிள்ளைகளும் நமக்கு உடன்பிறந்தார்தான். மாமா பையனும் அத்தை பையனும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் முறைப் பையன்கள். வடக்கே அப்படி இல்லை. அங்கே மாமா பையனும் அத்தை பையனும்கூட 'பாய்'தான், அவர்கள் கையிலும் ராக்கி ஏறும். நம் பக்கத்தில் மாமா பையனை நினைத்துக் கனு வைக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் பாட்டிகள் சிரித்துவிடுவார்கள். ஆகவே உங்கள் சித்தப்பா பையனை நினைத்து நீங்கள் வைத்தால் அதில் ஒட்டுப்போட்ட வேலை எதுவும் இல்லை. நம் மொழி அவனை ஏற்கெனவே உங்கள் தம்பியாக்கி வைத்திருக்கிறது.

அந்த வழியிலும் ஒரு ஆண்பிள்ளை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வைக்கலாம் என்பதற்கு, கனு வைக்கும்போது சொல்கிற வார்த்தையே போதும். "காக்காப்பிடி வெச்சேன், கனுப்பிடி வெச்சேன், காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம்" என்பது முதல் வரி. அதற்கு மேல் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் "காக்காக் கூட்டம் கலைஞ்சாலும் எங்க கூட்டம் கலையக் கூடாது" என்று முடிப்பார்கள். கூட்டம் என்றுதான் வருகிறது. அம்மா, அப்பா, தங்கை, பிறந்த வீட்டு வாசல், எல்லாம் அதற்குள் அடக்கம். பெண் கல்யாணமாகிப் போனபின், அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கப் போகிறவன் அண்ணனோ தம்பியோ என்பதால் அவன் பெயர் முன்னால் வந்தது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் உங்கள் தங்கை நிற்கிறாள். அவள் பெயரைச் சொல்லி வையுங்கள்.

சரி, ராக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நோக்கம் ஒன்று, உருவம் வேறு. ரக்ஷாபந்தன் சிராவண மாதப் பௌர்ணமியில் வரும். பெரும்பாலும் அதே பௌர்ணமியில்தான் நம் பக்கம் யஜுர்வேதிகளுக்குப் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டம். ராக்கி கட்டும்போது சொல்லும் பழைய சுலோகத்தில் அண்ணன் தங்கை பேச்சே கிடையாது. "மகாபலியைக் கட்டிய அதே கயிற்றால் உன்னைக் கட்டுகிறேன், காப்பே, நகராதே" என்றுதான் வரும். புரோகிதர் தன் யஜமானருக்குக் கட்டுவதும் பழைய வழக்கம். பவிஷ்ய புராணக் கதையில் இந்திரனுக்கு ரட்சை கட்டுவது அவன் மனைவி இந்திராணி. சகோதரி கட்டும் திருநாளாக அது வளர்ந்தது வேறு வழியில். ராஜஸ்தானத்துச் சித்தூர் ராணி கர்ணாவதி முகலாய அரசர் ஹுமாயூனுக்கு ராக்கி அனுப்பிய கதையைப் பலரும் வரலாறு என்று நம்புகிறார்கள். 1535-ல் சித்தூர் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடம் வீழ்ந்தது உறுதி. ராக்கி அனுப்பிய செய்தி மட்டும் அந்தக் காலத்தவர் எழுதிய குறிப்புகளில் இல்லை. பின்னால் வந்த கதைகளில்தான் இருக்கிறது. அதைக் கதை என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

கனுவுக்கு இன்னும் நெருக்கமான உறவு தீபாவளியை அடுத்த துவிதியையில், அதாவது வளர்பிறை இரண்டாம் நாளில், வருகிற பாய் தூஜ். மராட்டியர்களுக்கு அது பாவுபீஜ், வங்காளத்தில் பாய் போட்டா. வங்காளச் சகோதரி இடதுகைச் சுண்டுவிரலால் சந்தனம் தொட்டு அண்ணன் நெற்றியில் வைத்து, எமன் வாசலில் முள் விழட்டும் என்று சொல்லுவாள். நேபாளத்தில் இது 5 நாள் திருவிழா. பெயர் திஹார். ஐந்தாம் நாள்தான் அண்ணன் தம்பிக்கு. நெற்றியில் 7 நிறத்தில் பொட்டு வைப்பார்கள். முதல் நாள் யாருக்குத் தெரியுமா? காக்காய்க்கு. எமனுடைய தூதன் என்று அன்றைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துத் தொடங்கி, எமனிடமிருந்து அண்ணனைக் காப்பாற்றிக் கொடு என்ற வேண்டுதலில் முடிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே ஐந்து நாளில் விரிவது நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரே மஞ்சள் இலையில் சேர்ந்து இருக்கிறதே என்று தோன்றியது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராக்கியிலும் பாய் தூஜிலும் அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். கனுவில் அவன் அங்கே இருக்கவே வேண்டியதில்லை. பெண் புகுந்த வீட்டில் இருந்துகொண்டு, தூரத்தில் இருக்கிறவனுக்காகப் பறவைகளிடம் சோற்றைக் கொடுத்து வேண்டிக்கொள்கிறாள்.

காக்காயிடம் ஏன்? கூப்பிட்டுச் சேர்த்துச் சாப்பிடுகிற பறவை என்பது எல்லோரும் சொல்கிற பதில், அது சரியான பதிலும்கூட. "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்ற குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றந்தழால். உறவை அணைத்துக்கொள்வதைச் சொல்ல வள்ளுவர் எடுத்த பறவை அது. அதற்கும் முன்னால் குறுந்தொகையில் நச்செள்ளையார் பாட்டு இருக்கிறது. பிரிந்து போனவன் வரப்போகிறான் என்று கரைந்த காக்காய்க்கு, நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர்களின் நெய்யையும் தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றையும் ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் போதாது என்று தோழி சொல்கிறாள். அந்த ஒரு பாட்டால் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்துவிட்டது. தூரத்தில் இருப்பவருக்காகக் காக்காய்க்குச் சோறு வைப்பது தமிழில் அவ்வளவு பழசு. ஆனால் இதை வைத்துக்கொண்டு கனுப் பண்டிகையே சங்க காலத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த முடிவுக்குப் போக அந்தப் பாட்டு இடம் கொடுக்கவில்லை. அது பொருளுக்காகப் போன தலைவன், அவனை எதிர்பார்க்கிற தலைவி பற்றியது. அண்ணன் அதில் இல்லை.

பெயரைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான். கரும்பின் கணுவிலிருந்து வந்தது, கணுக் கணுவாகக் குலம் தழைக்க வேண்டும் என்பது பொருள் என்பார்கள். நல்ல விளக்கம், அதனால் சிலர் கணு என்றே எழுதுகிறார்கள். ஆனால் தெலுங்கு நாட்டில் சங்கராந்திக்கு மறுநாள், அதாவது அதே நாளுக்கு, கனும என்று பெயர். அது அங்கே மாட்டுக்கான நாள்; கனும அன்று காக்காய்கூடப் பயணம் போகாது என்று ஒரு பழமொழியும் உண்டு. இரண்டு பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியானால் கரும்புக் கணு பின்னால் சேர்த்த விளக்கமாக இருக்கலாம். உறுதி என்று சொல்லக்கூடியது நாள்தான்: தை 2, ஜனவரி 15 அல்லது 16.

இனிச் செய்முறை. பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை எறிந்துவிடாமல் வைத்திருங்கள், மறுநாள் காலையில் அதுதான் தேவை. விடியற்காலையில் பல் தேய்த்து, குளிப்பதற்கு முன்பு, வீட்டுப் பெரிய சுமங்கலிகளிடம் போய் நிற்க வேண்டும். அவர்கள் பச்சை மஞ்சளைக் கல்லில் உரசி நெற்றியில் ஒரு கீற்று இழுப்பார்கள். என் பாட்டி கீறும்போது கட்டைவிரல் நகம் கொஞ்சம் அழுத்தும், மஞ்சளின் ஈரம் மூக்குத் தண்டுவரை இறங்கும். "பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நல்ல பேர் வாங்கணும்" என்பாள். அப்புறம் முதல் நாள் வடித்து மிச்சம் வைத்த சாதத்தைப் பிசைந்து நிறம் சேர்ப்பது. வெள்ளைக்குத் தயிர். மஞ்சளுக்கு மஞ்சள்பொடி. சிவப்புக்கு மஞ்சள்பொடியோடு துளி சுண்ணாம்பு. தொட்ட உடனே சாதம் சிவந்து போவதைப் பார்க்கக் குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும். கூடவே நேற்றைய சர்க்கரைப் பொங்கல். சுண்ணாம்பு விரல் நுனி அளவுக்கு மேல் வேண்டாம், பறவை சாப்பிடப் போகிறது. கடைக் குங்குமத்தைக் கலக்கவே கலக்காதீர்கள், இன்றைக்கு விற்பதில் பலவும் சாயம்.

ஆற்றங்கரையோ கொல்லையோ மொட்டை மாடியோ, ஒரு சின்னக் கோலம் போட்டு, மஞ்சள் இலையை விரித்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்திலும் சின்னச் சின்னப் பிடியாக வரிசையில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நிறத்துக்கு 5, என் மாமியார் வீட்டில் 7, ஓரகத்தி பிறந்த வீட்டில் 9. இதில் எது சாஸ்திரம் என்று சண்டை வேண்டாம். புகுந்த வீட்டு முறை எதுவோ அதைச் செய்யுங்கள். கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு ஓரத்தில். ஆரத்தி எடுத்து, நமஸ்காரம் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து தலைக்குக் குளிக்க வேண்டும். பகலில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று சித்ரான்னங்கள்.

எல்லா வீட்டிலும் கனு கிடையாது. உங்கள் பிறந்த வீட்டில் இல்லாததில் குறை எதுவும் இல்லை. கனுப்பிடி முக்கியமாகப் பிராமண வீடுகளிலும் வேறு சில சமூகங்களிலும் இருப்பது. மற்றவர்களிடம் இதே உறவு பொங்கல் சீராக இருக்கிறது. எங்கள் ஊரில் போகிக்கு நாலு நாள் முன்பிருந்தே சைக்கிள் கேரியரில் கரும்புக் கட்டும் பானையும் அரிசி வெல்லமும் வைத்துக்கொண்டு அண்ணன்மார் தங்கை ஊருக்குப் போவதைப் பார்ப்பேன். பொங்கப்படி என்பார்கள். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அவர் அண்ணன் வீட்டிலிருந்து பொங்கப்படி வந்திருக்கும்.

சாமிக்கும் இது விதிவிலக்கு இல்லை. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் வடகாவிரி என்கிற கொள்ளிடத்துக்குப் புறப்பட்டு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதர் தங்கைக்குப் பட்டுப் புடவை, மாலை, பழம் என்று சீர் அனுப்புவார். சமயபுரத்து மாரியம்மனும், ஏழு மதிலுக்குள் படுத்திருக்கிற பெருமாளும் அண்ணன் தங்கை. சின்ன வயதில் அந்தச் சீர்த் தட்டுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மதுரையில் மீனாட்சி கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கிறவரும் அண்ணனான பெருமாள்தான். கம்பத்தடி மண்டபத் தூணில் அந்தச் சிற்பத்தைப் பார்க்கலாம். கள்ளழகர் தங்கை கல்யாணத்துக்கு நேரமாகி வந்து கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினார் என்பது ஜனங்களின் கதை. கோயில் மரபுப்படி அவர் வருவது மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்க்க. இரண்டையும் தெரிந்துகொண்டு இரண்டையும் ரசிக்கலாம்.

சீர் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. பெண்ணுக்குச் சொத்தில்லாத காலத்தில் அதற்கு ஈடாகத்தான் சீர் வந்தது என்று சொல்லி, "அதான் வருஷா வருஷம் செய்கிறோமே" என்று தங்கையிடம் சொத்தில் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. கனுவுக்கு அண்ணன் அனுப்பும் காசு அன்பு, சொத்தில் பங்கு உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்கக் கூடாது. என் அண்ணன் ஜாம்ஷெட்பூரில் வேலையில் இருந்தபோது ஒவ்வொரு தையிலும் 11 ரூபாய் மணியார்டர் வரும். கீழே கூப்பனில் "கனுவுக்கு. ஆசீர்வாதம்." என்று இரண்டே வார்த்தை. தபால்காரர் கிழித்துக் கொடுத்த அந்தத் துண்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன், 19 இருக்கின்றன. இப்போது போனில் பணம் வருகிறது, அதே இரண்டு வார்த்தையோடு.

கடைசியாக, யார் வைக்கலாம் என்பது. சுமங்கலிகளும் கல்யாணமாகாத பெண்களும் மட்டும் என்பது பழைய கட்டு. என் அத்தை 26 வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். கனுவன்று சாதம் பிசைவது, நிறம் சேர்ப்பது எல்லாம் அவள்தான். நாங்கள் ஆற்றுக்குக் கிளம்பும்போது அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். எனக்கு 12 வயதாயிருந்த வருஷம், அப்பா கொல்லையிலிருந்து ஒரு மஞ்சள் இலையைப் பறித்துக்கொண்டு வந்து பாட்டி முன்னால் நின்றார். "கனு யாருக்கும்மா? கூடப் பிறந்தவனுக்குத்தானே? நான் உயிரோட இருக்கேனே. என் தங்கை ஏன் வைக்கக் கூடாது?" என்றார். பாட்டி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த இலையை வாங்கி அத்தை கையில் கொடுத்தாள். அத்தை நெற்றியில் மஞ்சள் இட்டுக்கொள்ளவில்லை. எங்களோடு ஆற்றுக்கு வந்து, கடைசி ஆளாக உட்கார்ந்து, மூன்றே மூன்று பிடி வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா இருந்தவரை எந்தக் கனுவும் அவள் தவறவிடவில்லை. பழைய கட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர்களும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் நான் அப்பா பக்கம்.

உங்கள் எட்டாவது மாடிக்கு வருகிறேன். அடுக்குமாடியின் பொது மொட்டை மாடியில் அனுமதி கேட்டு வையுங்கள். வேறு வீட்டுப் பெண்கள் நாலு பேராவது இலையோடு வருவார்கள், அங்கே காக்காயும் வரும். காக்காய்க்கு முன்னால் புறாவோ அணிலோ வந்தால் விரட்டாதீர்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். மஞ்சள் இலை கிடைக்காவிட்டால் வாழை இலைத் துண்டு போதும். சாயங்காலம் போய் இலையையும் சிதறிய சாதத்தையும் கூட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது. எத்தனை பிடி, எந்தெந்த நிறம் என்று போகியன்றே மாமியாரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று ராத்திரி அரிசி ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போடுங்கள். உங்கள் தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், அன்று காலையில் அவளையும் ஒரு இலை வைக்கச் சொல்லுங்கள்.